கெட்டுப் போக வேண்டிய பெட்டி

கொச்சியில் உட்கார்ந்துகொண்டு சூரிய மின்கலத்துக்குப் புதிய பொருள் தேடப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். முதலில் என் அனுதாபங்கள். இந்த ஆராய்ச்சிக்கு வேண்டியது உலர்ந்த காற்று. நமக்கு வாய்த்திருப்பது கொச்சி.

நான் ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டார்கள். இப்படிக் கூப்பிட்டால் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வெற்றிகளைச் சொல்வார்கள், நீங்களும் மேஜைக்கு அடியில் கைப்பேசியைப் பார்ப்பீர்கள். எனக்குப் பெரிய வெற்றி என்று எதுவும் இல்லாததால் இரு தரப்புக்கும் அந்தச் சிரமம் இல்லை. கருவிகளை எப்படி இயக்குவது என்பதை மூத்த மாணவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது ஜான்சியைப் பற்றி. அவள் பெயரை இங்கே யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்ததும் இந்தக் கட்டடத்தில் இல்லை, மட்டாஞ்சேரியில் என் வீட்டின் கீழ்த்தளத்தில்.

நாங்கள் செய்துகொண்டிருந்த பொருளுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். பெயர் கிடக்கட்டும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கரைசலை விட்டுச் சுழற்றி, பிறகு சூடாக்கினால், கறுப்பாக, பளபளவென்று ஒரு மெல்லிய படலம் உருவாகும். வெயிலை மின்சாரமாக்குவது அந்தக் கறுப்புதான். ஈரக் காற்று பட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளாகிவிட்டால் செத்துப் போனது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கண் போதும். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் இந்தக் கறுப்பை மஞ்சளாகாமல் வைத்திருக்கப் பாடுபடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளிர்ந்த, உலர்ந்த ஊர்களில் இருக்கிறார்கள். எங்கள் நல்ல முடிவுகள் எல்லாம் தை மாதத்தில்தான் வரும். "உங்கள் கட்டுரைகள் மட்டும் ஏன் வருடா வருடம் ஒரே சமயத்தில் வருகின்றன?" என்று ஒரு மாநாட்டில் ஒருவர் கேட்டார். நாங்கள் ஒழுங்கானவர்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஜான்சி பள்ளுருத்திக்காரி. அப்பா அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். இவள் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கே. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அப்பாவுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை. நமது புதிய கட்டடத்தின் தரையே அவர் கை வேலைதான். மகள் அந்தத் தரையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்க ஒரு நாள் வந்தார். வந்தவர், வராந்தா மூலையில் ஓர் ஓடு தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். அதற்கு வருத்தப்பட்டே நேரம் போய்விட்டது. மகளைச் சரியாகப் பார்த்தாரா என்று தெரியாது.

அவள் இருந்தது ஒப்பந்த வேலையில். வருடா வருடம் ஒரு குழு வந்து பார்த்து, நீட்டிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அந்த வருடம் குழு ஐப்பசியில் வருவதாக இருந்தது. அதில் நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அவளுக்கு இந்தத் துறையில் இன்னொரு வாசல் இல்லை. இது மாதிரி இடங்களுக்கு வயது வரம்பு உண்டு, அவள் அதைத் தாண்டும் நிலையில் இருந்தாள். படித்து முடித்ததும் தோப்பும்படியில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள், அங்கேயே திரும்பிப் போக வேண்டியதுதான். அது கேவலமான வேலை இல்லை. ஆனால் அவளுக்குப் படலம் செய்யத் தெரியும். நான் பார்த்தவர்களில் கை அவ்வளவு சுத்தமாக வந்தது அவளுக்குத்தான். அப்படிப்பட்டவளை நியூட்டனின் மூன்று விதிகளை ஒப்பிக்க வைக்கப் போகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

அவளுடைய வேலை இதுதான். கரைசலில் எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு பொருளைக் கொஞ்சம் சேர்ப்பாள். அது படலத்துக்குள் புகுந்துகொண்டு தண்ணீரை அண்டவிடாது என்பது அவள் நம்பிக்கை. நாங்கள் அதை ஜான்சி மருந்து என்போம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் படலத்தை ஈரக் காற்றில் பல வாரம் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று ஆய்வுக்கூடத்தில் ஈரப்பத அறை என்று ஒரு கருவி இருந்தது. அது ஈரப்பதத்தால் பழுதாகிவிட்டது.

அப்போதுதான் என் வீட்டுக் கீழ்த்தளம் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் சுக்கு வியாபாரம் செய்தது. வியாபாரம் போய்விட்டது, கிடங்கு இருக்கிறது. காயல் தண்ணீருக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மழைக்காலத்தில் அங்கே தீக்குச்சி பற்றாது. இதைவிட நல்ல ஈரப்பத அறை எந்தக் கம்பெனியிடமும் கிடைக்காது என்று எங்கள் தலைவரிடம் சொன்னேன். அவர் பாலக்காட்டுத் தமிழர், நல்ல மனிதர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வந்து பார்த்தார். கிடங்கில் நின்று இரண்டு முறை தும்மினார். "இது மதி" என்றார், போதும் என்ற அர்த்தத்தில்.

இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் கொண்டுவந்தோம். பல்லியும் கரப்பானும் புகாமல் இருக்க மூடி. காற்று புக மூடியில் ஓட்டைகள். உள்ளே ஒரு மரத்தட்டு, தட்டின் மேல் படலங்கள். ஒரு பெட்டியில் ஜான்சி மருந்து சேர்த்தவை, மற்றதில் எதுவும் சேர்க்காத சாதாரணப் படலங்கள். ஈரப்பதத்தை அளக்கும் கருவி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு பெட்டிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அதை நடுவில் சுவரில் மாட்டினோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது சுவரின் ஈரத்தை அளந்தது. பெட்டிக்குள் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. மூன்று பேர் நின்று பார்த்தோம், மூன்று பேரும் இயற்பியல் படித்தவர்கள், யாருக்கும் இது தோன்றவில்லை.

இனி என் அக்கா. அக்கா என் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் நான்தான் அவள் வீட்டில் இருக்கிறேன். வியாபாரம் நடந்த காலத்தில் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் அவள். பெட்டிகள் வந்த அன்று, அவை என்ன என்று கேட்டாள். ஈயம் கலந்த பொருள், கை வைக்காதே என்று முதலில் எச்சரித்தேன். பிறகு, அறிவியலை எளிய மக்களுக்கு விளக்க வேண்டும் என்ற கொள்கை எனக்கு உண்டாகையால், விளக்கினேன்.

"இந்தப் பெட்டியில இருக்கிறது கெட்டுப் போயிடணும். அந்தப் பெட்டியில இருக்கிறது கெட்டுப் போகாம இருக்கணும். அப்படி இருந்தா ஜான்சிக்கு வேலை நிலைக்கும்" என்றேன்.

"செரி" என்றாள் அக்கா.

இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக நான் எந்த மாநாட்டிலும் விளக்கியதில்லை.

சனிக்கிழமைதோறும் ஜான்சி வருவாள். மூடிக்கு மேலிருந்தே படலங்களைப் படம் எடுப்பாள். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று மாறிவிடும் என்பதால் திறப்பதில்லை என்று அவள் ஒரு விதி வைத்திருந்தாள். படம் எடுத்த பிறகு மாடிக்கு வந்து சாயா குடிப்பாள். அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அக்காவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. என்னிடம் பேசுவதைவிட அவளிடம் அதிகம் பேசினாள். இரண்டு பேரும் சேர்ந்து கப்பைக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டு தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாரைத் திட்டுவார்கள்.

மழை பிடித்தது. சாதாரணப் படலங்கள் பெட்டிக்குள் வைத்த சில நாளில் மஞ்சளாகின. புதிதாகச் செய்து வைத்தோம். அவையும் மஞ்சளாகின. ஜான்சி மருந்து சேர்த்தவை மட்டும் கறுப்பாகவே இருந்தன. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையெல்லாம் பெய்து ஓய்ந்தது, ஓணம் வந்து போனது, அவை கறுப்பாகவே இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் படம் எடுத்துவிட்டுப் படியேறி வரும்போது ஜான்சி முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். சாயாவில் சர்க்கரை அதிகம் போட்டுக்கொள்வாள்.

தலைவர், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னார். இயக்குநருக்குத் தெரிந்தது. குழுவில் வரப்போகிற ஒருவருக்கும் தெரிந்தது. அவர், பெட்டிகளையே கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். குழு வியாழக்கிழமை வருகிறது. ஐப்பசியின் துலா மழை தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில், பெட்டிகளை எடுத்துக் கட்டிவைக்கலாம் என்று கிடங்குக்கு இறங்கினேன்.

ஜான்சியின் பெட்டியைத் திறந்து மரத்தட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது.

பிரித்தால் சுட்ட சுண்ணாம்பு. கக்கா என்கிற சிப்பியின் ஓட்டைச் சுட்டு எடுப்பார்களே, தண்ணீர் தெளிக்காத சுண்ணாம்பு, அது. பாதி கட்டியாக இருந்தது, பாதி பொடிந்திருந்தது. சுட்ட சுண்ணாம்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எங்கள் கிடங்கில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே இப்படி முடிச்சு வைப்பது வழக்கம். நான் அதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். மற்ற பெட்டியின் தட்டையும் தூக்கிப் பார்த்தேன். அதில் இல்லை.

மேலே போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜான்சி பெட்டியில சுண்ணாம்பு வெச்சது நீயா?"

"பின்னே? பொடிஞ்சதும் எடுத்து மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தட்டு மேல இருக்கிறதைத் தொடலே. நீ சொன்ன மாதிரி எதிலயும் கை வைக்கலே."

"மத்தப் பெட்டியில ஏன் வைக்கலே?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான கவலை இருந்தது.

"எடா, அது கெட்டுப் போவணும்னு நீதானே சொன்னே?"

திரும்பக் கீழே இறங்கி, ஒரு பழைய எடைக்கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

இளம் நண்பர்களே, நீங்கள் எதிர்பார்க்கிற நெருக்கடியில் மணி அடிக்கும், விளக்கு அணையும், புகை வரும். எனக்கு வந்த நெருக்கடி ஒரு துணி முடிச்சு. மழை பெய்துகொண்டிருந்தது. பார்த்தது நான் ஒருவன் மட்டும். முடிச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியை மூடினால் வியாழக்கிழமை அவளுக்கு வேலை நிலைத்துவிடும். அவள் எந்தப் பொய்யும் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் அவளுக்கு எதுவும் தெரியாது. நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். பிறகு ஒரு கேள்வி வந்தது. இதை முதலில் யாரிடம் சொல்வது? முறைப்படி தலைவரிடம். ஆனால் அவரிடம் சொன்னால் அவரும் நானும் சேர்ந்து அவளுக்கு நல்லது செய்யத் தொடங்கிவிடுவோம். ஏற்கெனவே ஒருத்தர் அவளுக்கு நல்லது செய்திருக்கிறார். அதனால் ஜான்சியைத்தான் கூப்பிட்டேன். யாருடைய சோறு போகப் போகிறதோ அவருக்கு முதலில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாக விதி இது.

அவள் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்தாள். முடிச்சைக் கையில் கொடுத்தேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க, சுவரில் இருந்த ஈரமானியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முடிச்சைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எல்லா வாரமும் இருந்துச்சா சார்?" என்றாள்.

"மாத்தி மாத்தி வெச்சிருக்கா."

"அப்போ மருந்து?"

"தெரியல. வேலை செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம்."

அவள் முடிச்சை மறுபடி கட்டினாள். நன்றாக இறுக்கிக் கட்டினாள். பிறகு, "லேப்புக்குப் போய்ட்டு வாரேன், சாதாப் படலம் கொஞ்சம் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதாளா என்பது ஆட்டோக்காரருக்குத்தான் தெரியும்.

மதியம் திரும்பி வந்தாள். கூடவே தலைவரும் வந்தார். வழியிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் குடையைக்கூட மடக்காமல் கிடங்குக்குள் நின்றார். நீண்ட நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எடோ, ரெண்டு நாள் கழிஞ்சு தொறந்தாப் போறாதா ஒனக்கு?"

என் பணிக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் மிக நியாயமான கேள்வி அதுதான்.

பிறகு அவர் குடையை மடக்கிவிட்டு யோசித்தார். பொறுமையாக, நல்ல மனதோடு யோசித்தார். "ஒரு காரியம் பண்ணலாம். வியாழக்கிழமை படத்தை மட்டும் காட்டு. படம் பொய்யில்லையே. பெட்டியைக் கொண்டுவர முடியலை, மழைன்னு நான் சொல்லிக்கறேன். நீட்டிப்புக் கடிதாசு கையில வரட்டும். அப்பறம் ஒழுங்கா, ரெண்டு ஈரமானி வெச்சு, எல்லாத்தையும் ஆதியிலேர்ந்து பண்ணு. மருந்து வேலை செஞ்சுதுன்னா யாருக்கும் நஷ்டமில்லை."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இப்போதும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க நேரமாகும். படிப்பாளிகள் தப்பு செய்யும்போது அது எப்போதும் இவ்வளவு அழகாகத்தான் இருக்கும்.

ஜான்சி மரத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அது செரியாவாது சார்" என்றாள்.

"ஏன்?"

"நீட்டிச்சுட்டா, அடுத்து பெருசாப் பண்ணுன்னு சொல்வாங்கல்லா? பண்ணிட்டு எங்க கொண்டு வெச்சாலும் கூடவே பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போவணுமே."

தலைவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவர் கண் கலங்கியது. அவர் அடுத்த வருடம் ஓய்வு பெற இருந்தார், அவருடைய கடைசி மாணவி அவள்தான். "அப்போ என்ன பண்றதாக்கும் உத்தேசம்?" என்றார்.

"இன்னிக்கும் நாளைக்கும் மழை இருக்கு. அது மதி."

மூன்று தட்டு வைத்தாள். ஒன்றில் அவள் படலங்கள், சுண்ணாம்பு இல்லாமல். ஒன்றில் சாதாரணப் படலங்கள், சுண்ணாம்பு இல்லாமல். மூன்றாவதில் சாதாரணப் படலங்கள், சுண்ணாம்போடு. மூன்றாவது தட்டு மூடிய பெட்டிக்குள். மற்ற இரண்டும் மூடி இல்லாமல், காயல் காற்று நேரே வந்து படுகிற ஜன்னல் ஓரத்தில். ஈரமானியைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் சுண்ணாம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். முள் கீழே இறங்கியதை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இவ்வளவு மாதம் சுவரில் தொங்கியபோது ஒரு நாளும் அது இப்படி இறங்கியதில்லை.

நான் மேலே போய் அக்காவிடம், இனி கொஞ்ச நாளைக்கு எதிலும் எதையும் வைக்க வேண்டாம் என்று சொன்னேன்.

"எல்லாம் கெட்டுப் போவணுமா இப்போ?"

"எது கெட்டுப் போகுதுன்னு பாக்கணும்."

"இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்றாள். சுண்ணாம்பு என்ன செய்துவிட்டது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை முழுவதும் மூவரும் கிடங்கில் இருந்தோம். மஞ்சள் எப்போதும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். சாதாரணப் படலங்களில் காலையிலேயே ஓரம் வெளுத்தது. மதியத்துக்குள் முழுவதும் மஞ்சள். அந்த நேரத்தில் ஜான்சியின் படலங்கள் இன்னும் கறுப்பாக இருந்தன. தலைவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, ஆனாலும் அந்தச் சில மணி நேரம் யாரிடமோ கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஜான்சி மட்டும் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா சாயா கொண்டுவந்தாள். ஜான்சி அன்று சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை.

பிற்பகலில் அவளுடைய படலத்தின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெளிறல் தெரிந்தது. நிழலாக இருக்கும் என்றார் தலைவர். நிழல் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சாயங்காலம் ஜங்கார் படகு திரும்புகிற நேரத்தில் அவளுடையவை எல்லாம் மஞ்சளாகிவிட்டன. மூடிய பெட்டிக்குள், சுண்ணாம்புக்குப் பக்கத்தில், எந்த மருந்தும் இல்லாத சாதாரணப் படலங்கள் கரி மாதிரிக் கறுப்பாக இருந்தன.

ஜான்சி மருந்து அரை நாள் வேலை செய்தது. அதற்கு மேல் செய்யவில்லை. அவள் தன் கைப்பேசியில் மூன்று தட்டையும் படம் எடுத்தாள், மூன்றும் ஒரே படத்தில் விழும்படி கொஞ்சம் பின்னால் போய் நின்று எடுத்தாள். "பாலத்துல டிராஃபிக் ஆவும், நான் இறங்குறேன் சார்" என்று கிளம்பினாள்.

வியாழக்கிழமை குழு வந்தது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, சாரத்தைச் சொல்கிறேன். ஜான்சி மழைக்காலம் முழுவதும் எடுத்த அழகான படங்களை முதலில் காட்டினாள். குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு மூன்று தட்டுப் படத்தைக் காட்டினாள். பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது, அது எங்களுக்குத் தெரியாது, தெரிந்த பிறகு இப்படிச் சோதித்தோம் என்றாள். யார் வைத்தது என்று சொல்லவில்லை. குழு மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தது.

"அப்படியானால் உங்கள் பொருளின் பங்கு என்ன?" என்று தலைமை வகித்தவர் கேட்டார்.

"அரை நாள், சார்."

இன்னொருவர், மட்டாஞ்சேரியிலிருந்து இப்போதும் சுக்கு ஏற்றுமதி ஆகிறதா என்று விசாரித்தார். நான் எழுந்து, இத்தனை வருடத்தில் இந்த அறையில் இவ்வளவு ஒழுங்கான ஒரு சோதனையை யாரும் காட்டியதில்லை என்று சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தலைமை வகித்தவர் அதைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். கட்லெட் சாப்பிடும்போது ஒரு குழு உறுப்பினர் என்னிடம் வந்து, "நல்ல பெண், நேர்மையான பெண்" என்று காதோடு சொன்னார். அறிக்கையில் எழுதுவீர்களா என்று கேட்டேன். அவர் இன்னொரு கட்லெட் எடுத்துக்கொண்டார்.

முடிவுகள் ஊக்கமளிப்பதாக இல்லை என்று கடிதம் வந்தது. நீட்டிப்பு இல்லை. நேர்மைக்குப் பலன் உண்டு என்று இந்த இடத்தில் நான் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தால், மன்னிக்கவும். அந்த அரை நாளைப் பற்றி நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினோம். சுண்ணாம்புக் கதை அதன் முதல் பத்தியிலேயே இருக்கிறது. அதை மறுத்து இதுவரை யாரும் எழுதவில்லை. ஆதரித்தும் யாரும் எழுதவில்லை. ஆனால் இன்று இந்தக் கூடத்தில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனி ஈரமானி இருக்கிறது. பெட்டிகளை வாராவாரம் இடம் மாற்றி வைக்கிறீர்கள். கட்டுப்பாட்டு மாதிரி எது, சோதனை மாதிரி எது என்று வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அது ஏன் என்று கேட்டு நீங்கள் சிரித்தீர்களாம். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஜான்சி டியூஷன் சென்டருக்குப் போகவில்லை. ஓசூர் பக்கம் விளக்கு செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது. ஆராய்ச்சி இல்லை, வேலை. ரயிலேறுவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தாள். அக்காதான் பேசினாள். அந்தக் குழுவைத் தொலைக்காட்சி மாமியாரைவிட மோசமாகத் திட்டினாள். பிறகு திடீரென்று, "ஏன் மோளே, நான் வெச்ச சுண்ணாம்பு ஏதாவது பிரயோஜனப்பட்டுதா?" என்று கேட்டாள்.

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். குழுவுக்கு முன்னால், வேலை போகும் என்று தெரிந்தும், ஒரு வார்த்தையைக்கூட மறைக்காத பெண் அவள்.

"பின்னே, பெரியம்மா? அதுனாலதானே இந்த மழை முழுக்க நான் சந்தோஷமா இருந்தேன்" என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அக்காவுக்கு ஒரே பெருமை. உள்ளே போய், புதுத் துணியில் சுட்ட சுண்ணாம்பைக் கட்டி எடுத்து வந்தாள். போகிற இடத்தில் துணிமணிக்கு நடுவில் வைத்துக்கொள், ஒன்றும் கெட்டுப் போகாது என்றாள். ஜான்சி இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஓசூரில் காற்று உலர்ந்தது, அங்கே இதற்கு வேலையே இருக்காது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஜான்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் போய் ஆட்டோ கூப்பிட்டேன்.